பெயரற்ற சிப்பாயின் பின்னால் இருந்த இருவர்

1944 நவம்பர் 16. ஆங்கிலக் கால்வாயில், பிரெஞ்சுக் கரையை ஒட்டிக் கிடக்கும் ஜெர்சி தீவில் ஜெர்மானிய ராணுவ நீதிமன்றம் கூடியிருந்தது. குற்றவாளிக் கூண்டில் இரண்டு பெண்கள். ஒருவருக்கு வயது ஐம்பது, இன்னொருவருக்கு ஐம்பத்திரண்டு. ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை அவர்கள் கடலோர வீட்டில் பூனைகளோடு ஒதுங்கி வாழ்ந்த பிரெஞ்சுச் சகோதரிகள். தீவைப் பிடித்து வைத்திருந்த படையின் மன உறுதியைக் குலைத்தார்கள் என்பது அவர்கள்மீதான வழக்கு. துப்பாக்கி ஏந்தியோ பாலத்தைத் தகர்த்தோ அவர்கள் இதைச் செய்யவில்லை. நான்கு ஆண்டுகளாக மெல்லிய தாள்களில் ஜெர்மன் மொழியில் துண்டறிக்கைகளைத் தட்டச்சு செய்து, சிப்பாய்களின் கைக்குப் போய்ச் சேரும்படி தீவெங்கும் விட்டுவந்தார்கள்.

அரசுத் தரப்பு அன்று வாதிட்டதைக் குற்றம் சாட்டப்பட்டவர்களே பின்னர் நினைவிலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். சுட்டிருந்தால் என்ன சேதம் என்று உடனே கணக்கெடுத்துவிடலாம்; இவர்கள் எடுத்தது மனத்தைத் தாக்கும் ஆயுதம், அது எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது, ஆகவே இக்குற்றம் துப்பாக்கிச் சூட்டைவிடக் கொடியது. இதுதான் வாதத்தின் சாரம். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கலையால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு விமர்சகர்கள் எத்தனையோ பதில் எழுதியிருக்கிறார்கள். அந்த வலிமையை நேரில் கண்டு அஞ்சியவர்களிடமிருந்து வந்த இந்தப் பதிலை நான் மிகுந்த மதிப்புடன் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த இருவர் குளோத் காஹுன், மார்செல் மூர். இவர்களுடைய புகைப்படங்கள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. பாலின அடையாளத்தைக் கேள்விக்கு உட்படுத்திய முன்னோடிகள் என்று கலை வரலாறு இவர்களைக் கொண்டாடுகிறது. போர் வரலாறு இவர்களைத் துணிச்சலான இரண்டு பெண்களாக நினைவுகூர்கிறது. ஏதோ இரண்டு வேறு வாழ்க்கைகள்போல இவை தனித்தனியாகவே சொல்லப்பட்டு வருகின்றன. எனக்கோ இவை ஒரே வேலையாகத்தான் தெரிகின்றன. இருபது ஆண்டுகள் கண்ணாடிமுன்னும் கேமரா முன்னும் அவர்கள் பழகியதுதான், ஆக்கிரமிப்பு வந்தபோது எதிர்ப்பாக வெளிப்பட்டது. அந்தக் கலை இல்லாமல் அந்த எதிர்ப்பு அந்த வடிவத்தை எடுத்திருக்காது.

காஹுன் 1894இல் பிரான்சின் நாந்த் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லூசி ஷ்வோப். தந்தை மோரிஸ் ஷ்வோப் செய்தித்தாள் நடத்தியவர்; சிற்றப்பா மார்செல் ஷ்வோப் பிரெஞ்சு இலக்கியத்தில் பெயர்பெற்ற எழுத்தாளர். தந்தைவழி யூதக் குடும்பம். தாய் மனநோயால் பாதிக்கப்பட்டிருந்ததால் பாட்டி மத்தில்ட் காஹுனிடம் வளர்ந்தார். யூத ராணுவ அதிகாரி திரைஃபஸ்மீதான தேசத்துரோக வழக்கு கிளப்பிய யூத வெறுப்பு அப்போது பிரான்ஸ் முழுக்கப் பரவியிருந்தது, பள்ளிக்கூடமும் அதற்கு விலக்கில்லை. சக மாணவிகளின் கொடுமை தாங்காமல் சில காலம் இங்கிலாந்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பிறகு எழுத்தாளராகத் தனக்கொரு பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, பாட்டியின் யூதக் குடும்பப் பெயரையே எடுத்துக்கொண்டார். முன்னால் வைத்த ‘குளோத்’ பிரெஞ்சில் ஆணுக்கும் வைக்கும் பெயர், பெண்ணுக்கும் வைக்கும் பெயர்.

1909இல் சூஸான் மலேர்ப் அவர் வாழ்க்கையில் வந்தார். இரண்டு வயது மூத்தவர், ஓவியம் பயின்றவர். பதின்ம வயதில் தொடங்கிய அந்தக் காதல் நாற்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. சூஸான் தன் கலைக்கு மார்செல் மூர் என்று பெயர் சூட்டிக்கொண்டார். 1917இல் ஒரு விசித்திரம் நடந்தது: காஹுனின் தந்தையும் மூரின் விதவைத் தாயும் திருமணம் செய்துகொண்டார்கள். காதலர்கள் இருவரும் சட்டப்படி சகோதரிகள் ஆனார்கள். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் வாழ்ந்தால் எழக்கூடிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்த உறவுமுறை ஒரு பதிலாக அமைந்துவிட்டது. பின்னாளில் ஜெர்சி தீவிலும் அந்தப் பதிலே அவர்களுக்குக் கவசமாக இருந்தது.

1920களில் பாரிஸில் குடியேறிய பிறகுதான் இன்று நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை உருவாயின. மொட்டையடித்த தலையோடு, மாலுமி உடையில், புத்தர்போல, பொம்மைபோல, கோட்டு அணிந்த கனவான்போலக் காஹுன் நிற்கிறார். மிகப் பரவலாக அறியப்பட்ட படம் 1927ஐச் சேர்ந்தது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சர்க்கஸ் பயில்வான் வேடத்தில் காஹுன் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியின் இருபுறமும் முடி வளையமாகச் சுருட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. கன்னங்களில் இதய வடிவம் தீட்டியிருக்கிறது, உதடுகள் குவிந்து கூர்மையாக வரையப்பட்டிருக்கின்றன. மடியில் பளு தூக்கும் குண்டு. சட்டையின் மார்பில் ஆங்கிலத்தில், நான் பயிற்சியில் இருக்கிறேன், முத்தமிடாதே என்ற பொருளில் எழுத்து. பயில்வான் என்றால் ஆண்மையின் உச்சம், தீட்டிய உதடு என்றால் பெண்மையின் உச்சம் என்று உலகம் ஒப்புக்கொண்ட குறிகளை எல்லாம் ஒரே உடலில் அடுக்கி, இரண்டையுமே வேடமாக்கிவிடுகிறது இந்தப் படம். வேடத்துக்குப் பின்னால் ‘உண்மையான’ பெண் ஒருத்தி ஒளிந்திருப்பாள் என்று தேடுபவருக்கு அது எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு முகமூடியைக் கழற்றினால் அதன் அடியில் இன்னொரு முகமூடிதான் இருக்கும் என்பது காஹுன் எழுத்திலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணம்.

இந்தப் படங்கள் ‘தன்னுருவப் படங்கள்’ என்றே வகைப்படுத்தப்படுகின்றன. அந்த வகைப்பாட்டில் எனக்கு ஆழமான மறுப்பு உண்டு. கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்றவர் யார்? சில படங்களில் எடுத்தவரின் நிழல் தரையில் விழுந்து கிடக்கிறது. அமெரிக்கக் கலை வரலாற்றாளர் டிர்ஸா ட்ரூ லாட்டிமர் இதை விரிவாக எழுதியிருக்கிறார்: இவை இருவர் சேர்ந்து ஆடிய ஆட்டம், மூரின் பார்வை இல்லாமல் காஹுனின் வேடம் இல்லை. தனித்து நின்ற மேதை என்ற பழைய ஆண்மையக் கதைக்குள் காஹுனைப் பொருத்திவிட்டால், இரண்டு பெண்கள் ஒருவருக்காக ஒருவர் செய்த கலை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட முறை, இதெல்லாம் காணாமல் போய்விடும். காஹுனின் 1930ஆம் ஆண்டுப் புத்தகத்தில் வரும் புகைப்பட ஒட்டோவியங்களும் மூரின் கைபட்டவையே. துண்டறிக்கை எழுதிய காலத்திலும் இந்தக் கூட்டு மாறவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

எழுத்தில் காஹுன் செய்ததும் அதே வேலை. 1925இல் ‘நாயகிகள்’ என்ற பொதுத் தலைப்பில் அவர் எழுதிய கதைகளின் ஒரு பகுதி பிரெஞ்சு இதழ்களில் வந்தது. ஏவாள், தெலீலாள், யூதித், சலோமி, ஹெலன், சாப்போ, சிண்ட்ரெல்லா என்று ஆண்கள் எழுதிய கதைகளில் உறைந்துபோன பெண்களை அழைத்து, அவரவர் வாயால் பேச விட்டார். அந்தப் பெண்கள் தங்களுக்கு வழங்கப்பட்ட பாத்திரத்தை ஏற்க மறுக்கிறார்கள். பாலியல் அறிஞர் ஹேவ்லாக் எல்லிஸின் நூல் ஒன்றையும் 1929இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அதே ஆண்டு பியேர் அல்பேர்-பிரோவின் சிறிய சோதனை நாடகக் குழுவில் ஆண் வேடமும் கட்டினார், நீலத்தாடிக்காரனின் மனைவியாகவும் நடித்தார். குரல் மாற்றுவது, வேறொருவராகப் பேசுவது, கேட்பவரை அந்தக் குரலை நம்பவைப்பது எல்லாம் அவருக்கு அன்றாடப் பழக்கமாகிக்கொண்டிருந்தன.

1930களில் ஃபாசிசம் ஐரோப்பா முழுவதும் தலையெடுத்தது. 1932இல் கம்யூனிஸ்ட் கட்சியை ஒட்டி இயங்கிய புரட்சி எழுத்தாளர், கலைஞர் சங்கத்தில் காஹுன் சேர்ந்தார். அங்கே கலை கட்சிக்கு எப்படிப் பயன்பட வேண்டும் என்ற சண்டை கொழுந்துவிட்டு எரிந்தது. கவிஞர் லூயி அராகோன் போன்றவர்கள் முழக்கம்போல நேரடியாகப் பேசும் கவிதையே புரட்சிக் கவிதை என்றார்கள். 1934இல் காஹுன் ஒரு சிறுநூலை வெளியிட்டு அதை எதிர்த்தார். முழக்கக் கவிதை வாசகரை ஏற்கெனவே முடிவு கட்டப்பட்ட இடத்துக்கு இழுத்துச் செல்கிறது, யோசிக்க அவருக்கு இடம் விடுவதில்லை என்பது அவர் வாதம். விளம்பரமும் அதையே செய்கிறது. மறைமுகமாகச் செயல்படும் கவிதையோ ஒன்றைத் தொடங்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மீதியை வாசகர் தாமே முடிக்க வேண்டியிருக்கிறது; அப்படித் தாமே சென்றடைந்த முடிவைத்தான் அவர் எளிதில் விடமாட்டார். சர்ரியலிச இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் இந்த நூலைப் பாராட்டினார். அடுத்த ஆண்டு பிரெத்தோனும் எழுத்தாளர் ழோர்ழ் பத்தாயும் தொடங்கிய ‘எதிர்த்தாக்குதல்’ என்ற ஃபாசிச எதிர்ப்புக் குழுவில் காஹுனும் இருந்தார்.

இந்த மறைமுகச் செயல் என்ற கருத்துதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல் என்று நினைக்கிறேன். பாரிஸ் கஃபேக்களில் நடந்த வாதங்களில் பெரும்பாலானவை தாளோடு முடிந்துபோயின. காஹுனுக்கோ தன் கோட்பாட்டை உயிரைப் பணயம் வைத்துச் சோதித்துப் பார்க்கும் நிலை ஆறே ஆண்டுகளில் வந்தது.

1937இல் இருவரும் பாரிஸை விட்டு ஜெர்சி தீவுக்குப் போனார்கள். செயிண்ட் பிரலேட் விரிகுடாவில், பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு வாங்கினார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர்கள் ஷ்வோப், மலேர்ப் என்ற இரு நடுத்தர வயதுச் சகோதரிகள் மட்டுமே. கால்வாய்த் தீவுகள் பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்டவை என்றாலும், 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும் லண்டன் அரசு அவற்றைக் காக்க முடியாது என்று படைகளைத் திரும்பப் பெற்றது. ஜூன் 28 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. ஜூலை 1 அன்று ஜெர்சி ஆக்கிரமிக்கப்பட்டது. தப்பிப் போக வாய்ப்பிருந்தும் இவர்கள் போகவில்லை. யூதர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஆணை வந்தபோது காஹுன் பதிவு செய்யவில்லை.

ஆக்கிரமிப்பாளர்களை எதிர்க்க ஆயுதம் ஏந்த அந்தச் சின்னஞ்சிறு தீவில் வழியே இல்லை. மலையில்லை, பெருங்காடில்லை, ஒளிந்துகொள்ள இடமில்லை. உள்ளூர்க்காரர்களைவிடச் சிப்பாய்கள் எண்ணிக்கையில் அதிகமாகத் தெரிந்த தெருக்கள் இருந்தன. ரகசிய இயக்கம் என்று எதையும் கட்டுவதும் கடினம்: எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர், காட்டிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். இந்த நிலையில் இருவர் மட்டும் கொண்ட ஓர் இயக்கம் உருவானது. அதற்குப் பெயர் கிடையாது. அதன் துண்டறிக்கைகளுக்கு மட்டும் ஒரு கையெழுத்து இருந்தது: ‘பெயரற்ற சிப்பாய்’, ஜெர்மன் மொழியில்.

துண்டறிக்கை என்றதும் நம் நினைவுக்கு வருவது எதிரியைத் திட்டும் முழக்கம். காஹுனும் மூரும் அப்படி எழுதவில்லை. எழுதியிருந்தால் சிப்பாய் அதை எதிரியின் பிரச்சாரம் என்று கசக்கி எறிந்திருப்பான். அவர்கள் அதிருப்தியுற்ற ஒரு ஜெர்மானியச் சிப்பாயைக் கற்பனையாகப் படைத்தார்கள். அவன் தன் சக சிப்பாய்களோடு பேசுகிறான். வீட்டு நினைவு, பசி, அதிகாரிகளின் சொகுசு, கிழக்குப் போர்முனையில் தினமும் நடக்கும் சாவு, இந்தப் போர் எதற்காக என்று உரக்கக் கேட்க முடியாத கேள்வி என எல்லாம் அவன் குரலில் வந்தன. சில உரையாடல் வடிவில், சில பாட்டாக, சில வெறும் செய்தியாக. ஒளித்து வைத்திருந்த வானொலியில் பிபிசி கேட்டு, ஜெர்மானியச் சிப்பாய்களுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்ட தோல்விகளைக் காஹுன் குறித்துக்கொள்வார். 1942இல் தீவுவாசிகளின் வானொலிகள் பறிமுதல் செய்யப்பட்ட பிறகு, கேட்பதே குற்றம். மூருக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். காஹுன் எழுதியதை அவர் ஜெர்மனில் ஆக்கினார், படமும் வரைந்தார். கரித்தாள் வைத்துத் தட்டச்சு செய்து பிரதிகள் எடுத்தார்கள். படித்தவர் அடுத்தவருக்குத் தர வேண்டும் என்ற வேண்டுகோளும் சிலவற்றில் இருந்தது.

கொண்டுபோய்ச் சேர்த்த விதத்தில்தான் கலைஞரின் கை அதிகம் தெரிகிறது. இருவரும் பேருந்து பிடித்துத் தலைநகர் செயிண்ட் ஹேலியருக்குப் போவார்கள். சிகரெட் பெட்டிக்குள் தாளைச் சுருட்டி வைத்து எங்காவது விட்டுவிட்டு வருவார்கள். கிடைத்த சிகரெட்டை எந்தச் சிப்பாய் எடுக்காமல் போவான்? நிறுத்தியிருக்கும் ராணுவ வண்டிகளின் ஜன்னல் வழியே போட்டார்கள், செய்தித்தாள்களின் மடிப்பில் செருகினார்கள், நெரிசலில் சிப்பாய்களின் கோட்டுப் பைக்குள் நழுவவிட்டார்கள். 1936இல் காஹுன் ‘வீட்டுப் பொருட்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். சர்ரியலிசக் கலைஞர்கள் அன்றாடப் பொருட்களைத் திருப்பிப்போட்டு வியப்பூட்டும் சிற்பங்களாக்கிய பாரிஸ் கண்காட்சியின்போது எழுதியது அது. ஜெர்சியில் சிகரெட் பெட்டி எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பொருளாகவே மாறிவிட்டது.

வீட்டை ஒட்டியிருந்த கல்லறைத் தோட்டத்தில் இறந்த ஜெர்மானியச் சிப்பாய்கள் புதைக்கப்பட்டார்கள். அந்த ஊர்வலங்கள் இவர்கள் ஜன்னலைத் தாண்டித்தான் போகும். ஒருநாள் அந்தக் கல்லறைகளுக்கு நடுவே, இவர்களுக்குப் போர் முடிந்துவிட்டது என்ற பொருளில் எழுதிய மரச் சிலுவைகள் முளைத்தன. தேவாலயத்துக்குள்ளே ஒரு பதாகையும் தொங்கியது: இயேசு மக்களுக்காக இறந்தார், இங்கோ ஹிட்லருக்காக மக்கள் இறக்கிறார்கள், ஆகவே ஹிட்லர் பெரியவர் என்பது அதன் கருத்து. பூசைக்கு வந்த சிப்பாய் அதைப் படித்துவிட்டுச் சிரித்தானா, திடுக்கிட்டானா என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை. சொல்லத் தொடங்கி நிறுத்தினார்கள். முடிவை அவனிடம் விட்டார்கள். 1934ஆம் ஆண்டுச் சிறுநூலின் கோட்பாடு அப்படியே இங்கே வேலை செய்கிறது.

நம்பிக்கை என்ற சொல்லை நான் இங்கேதான் வைக்க விரும்புகிறேன். நாம் வெல்வோம் என்று நம் ஆட்களுக்குத் தைரியம் சொல்வது ஒரு வகை நம்பிக்கை. காஹுனும் மூரும் கொண்டிருந்தது வேறொன்று, அதைவிடக் கடினமானது. தங்களைக் கொல்லக்கூடிய படையில் இருக்கும் மனிதனை ஒரு வாசகனாக மதித்தார்கள். சீருடைக்குள் சீருடையோடு முழுதாக ஒட்டிப்போகாத ஒருவன் இருக்கிறான், அவனைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான் என்று நம்பினார்கள். இந்த நம்பிக்கை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? ஆண், பெண், மகள், சகோதரி, யூதர் என்று உலகம் போர்த்திய எந்த உடையும் தங்கள் உடலோடு ஒட்டாததை வாழ்நாள் முழுக்க அனுபவித்தவர்கள் அவர்கள். சிப்பாய் வேடமும் அப்படியே கழற்றக்கூடியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இருபதாண்டுகளாக வேடம் மாற்றி நின்ற ஒருவர், வாழ்க்கையில் ஒரு நாளும் அணியாத ராணுவ உடைக்குள் புகுந்து ஓர் ஆணின் குரலில் பேசியதும், அந்தக் குரலை ஆண்களே தங்களில் ஒருவன் என்று நம்பியதும்தான் அவர்கள் சேர்ந்து படைத்த ஆகப் பெரிய பாத்திரம். பால்புதுமைப் பெண்ணியக் கலை எதிர்ப்பாக மாறுவது எப்படி என்று கேட்டால், நான் காட்டும் உதாரணம் இந்தச் சிப்பாய்தான்.

படையின் ரகசியக் காவலர்களும் நெடுங்காலம் அவனையே தேடினார்கள். படைக்குள் ஒரு துரோகி, அல்லது பெரிய சதிக்கூட்டம் என்றே அவர்கள் கணித்தார்கள். அரசியலும் போரும் ஆண்களின் காரியம் என்ற அவர்களது எண்ணமே அவர்கள் கண்ணை மறைத்தது. கூடையும் கோட்டுமாகப் பேருந்தில் போகும் நடுத்தர வயதுப் பெண்களை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பெண்ணியம் காலங்காலமாகச் சுட்டிக்காட்டும் இந்தப் பாராமுகத்தை அவர்கள் நான்கு ஆண்டுகள் மறைவிடமாக வைத்துக்கொண்டார்கள். 1944 ஜூலை 25 அன்று கைதான பிறகும், இவ்வளவையும் இரண்டு பெண்கள் மட்டுமே செய்தார்கள் என்பதை விசாரணையாளர்களால் ஏற்க முடியவில்லை.

இந்த நாள் வரும் என்று தெரிந்து இருவரும் தூக்க மாத்திரைகளைத் தயாராக வைத்திருந்தார்கள். கைதானதும் விழுங்கினார்கள், உயிர் பிழைத்தார்கள். உடல் தேறாமல் கிடந்த அந்த நாட்களே அவர்களை ஐரோப்பியக் கண்டத்துச் சிறைகளுக்கு நாடு கடத்தப்படாமல் காப்பாற்றின என்று கருதப்படுகிறது. அதே தீவில் ரஷ்யக் கைதி ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்த லூயிசா கூல்ட், கண்டத்துக்கு அனுப்பப்பட்டு 1945இல் ராவென்ஸ்புருக் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

வழக்கில் மரண தண்டனையோடு, வானொலி முதலான குற்றங்களுக்காகத் தனியே சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. சுட்டுக் கொல்வதற்கு முன்பு அந்தச் சிறைத் தண்டனையையும் நாங்கள் அனுபவித்து முடிக்க வேண்டுமா என்று காஹுன் நீதிபதியைக் கேட்டதாக ஒரு பதிவு உண்டு. சாவின் முன்னால் நின்றும் அதிகாரத்தின் மொழியில் உள்ள ஓட்டையைச் சுட்டும் அந்தப் புத்தி அவரது பழைய எழுத்துகளிலிருந்தே நமக்குப் பழக்கமானது. சிறையில் இருவரையும் தனித்தனி அறைகளில் அடைத்தார்கள். அங்கே படையிலிருந்து தப்பியோடிப் பிடிபட்ட ஜெர்மானியச் சிப்பாய்களும் இருந்தார்கள். துண்டுச் சீட்டுகளில் அவர்களோடு செய்திப் பரிமாற்றம் நடந்தது. கற்பனையில் படைத்த சிப்பாயின் கூட்டாளிகள் பக்கத்து அறைகளில் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தீவின் தலைமை நிர்வாகியும் பிரெஞ்சுத் துணைத்தூதரும் செய்த முறையீட்டால் 1945 பிப்ரவரியில் மரண தண்டனை குறைக்கப்பட்டது. மே மாதம் ஜெர்சி விடுதலை அடைந்தது, இருவரும் வீடு திரும்பினார்கள்.

இவர்கள் தனித்த விதிவிலக்கா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் ஃபிரீடா பெலின்ஃபான்டே என்ற செல்லோ கலைஞர் இருந்தார். 1937இல் சொந்தமாக இசைக்குழு அமைத்து நடத்துநராக நின்ற பெண், தன்பால் ஈர்ப்பை மறைக்காதவர். யூதர்களுக்கும் தலைமறைவானவர்களுக்கும் போலி அடையாள அட்டைகள் தயாரித்த கலைஞர் குழுவில் அவரும் இருந்தார். போலி அட்டையைச் சரிபார்க்கும் மூல ஆவணங்கள் நகரப் பதிவேட்டு அலுவலகத்தில் இருந்ததால், 1943 மார்ச் 27 அன்று அந்தக் குழு அலுவலகத்துக்குக் குண்டு வைத்தது. திட்டத்தில் பெலின்ஃபான்டேவுக்குப் பங்குண்டு. தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஓவியர் வில்லெம் அரொன்டேயுஸ் தன்பால் ஈர்ப்பாளர். ஜூலை 1 அன்று சுட்டுக் கொல்லப்படுவதற்கு முன், எங்களைப் போன்றவர்கள் கோழைகள் இல்லை என்று உலகுக்குச் சொல்லுங்கள் என்ற கருத்தில் செய்தி விட்டுச் சென்றார். பெலின்ஃபான்டே சில மாதங்கள் ஆண் வேடத்தில் நகரில் நடமாடினார். தெருவில் எதிரே வந்த சொந்தத் தாய்க்கே அவரை அடையாளம் தெரியவில்லை என்று முதுமையில் தந்த நேர்காணலில் சொல்லியிருக்கிறார். பிறகு ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பினார், அமெரிக்காவில் மீண்டும் இசைக்குழு நடத்தினார். தம்மைப் பற்றி ஊர் எழுதி வைத்த அட்டையைத் திருத்தி எழுதுவதில் இளம் வயதிலிருந்தே பழக்கப்பட்டவர்கள், மற்றவர்களின் உயிரைக் காக்கும் அட்டைகளையும் திறமையாகத் திருத்தினார்கள் என்பது தற்செயலாக இருக்க முடியாது.

ஜெர்சிக்குத் திரும்புவோம். 1945 மே மாதம் எடுத்த ஒரு படம் இருக்கிறது. காஹுன் தன் வீட்டு வாசலில் நிற்கிறார். தலையில் துணி கட்டிய, மழைக் கோட்டு அணிந்த ஒரு சாதாரணப் பெண்மணி. 1927ஆம் ஆண்டின் ஒப்பனை எதுவும் இல்லை, சிறையின் களைப்பு முகத்தில் தெரிகிறது. பற்களுக்கிடையே ஒரு சிறிய உலோகச் சின்னம்: நாஜிக் கழுகு. கடித்துப் பிடித்திருக்கிறார். கலை வரலாற்றுப் புத்தகங்கள் பயில்வான் படத்தை அட்டையில் போடுகின்றன. என்னைக் கேட்டால் இந்த இரண்டு படங்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட வேண்டும். இரண்டாவது படத்திலும் வேடம் இருக்கிறது: அக்கம்பக்கத்தார் பார்த்துப் பழகிய அடக்கமான இல்லத்தரசி வேடம். அந்த வேடத்தின் வாயில்தான் கழுகு சிக்கியிருக்கிறது.

விடுதலைக்குப் பிந்தைய காலம் எளிதாக இல்லை. வீட்டைச் சோதனையிட்ட படையினர் படங்களையும் எழுத்துகளையும் ஆபாசம் என்று சொல்லிப் பெருமளவில் அழித்திருந்தார்கள். 1951இல் பிரெஞ்சு அரசு காஹுனுக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. பாரிஸுக்குத் திரும்பும் எண்ணம் நிறைவேறவில்லை. சிறையில் கெட்ட உடல்நிலை தேறாமல் 1954இல் அவர் இறந்தார். மூர் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் தனியே வாழ்ந்து, 1972இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். செயிண்ட் பிரலேட் கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் ஒரே கல்லறை. கல்லில் இரண்டு தாவீது நட்சத்திரங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. காஹுன் பதிவேட்டில் எழுதிக்கொள்ள மறுத்த அடையாளத்தைக் கல்லறைக் கல் எல்லாரும் பார்க்கும்படி சுமக்கிறது, யூதரல்லாத மூரும் அதில் பங்கு கொண்டிருக்கிறார். பெயர்கள் மட்டும் பெற்றோர் வைத்தவை.

மூரின் மறைவுக்குப் பின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. பெட்டிகளுக்குள் கிடந்த படங்களும் தாள்களும் உள்ளூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் வாங்கியதால்தான் பிழைத்தன. பிரெஞ்சு ஆய்வாளர் பிரான்சுவா லெபெர்லியே பல ஆண்டுகள் தேடி 1992இல் காஹுனின் வரலாற்றை எழுதினார். அதுவரை சர்ரியலிசத்தின் வரலாற்று நூல்களில் அவர் பெயர் அடிக்குறிப்பு அளவுக்குக்கூடப் பல இடங்களில் இல்லை. ஆண் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். வாழ்ந்த காலத்தில் அந்த வேடப் படங்களில் அநேகமாக எதுவும் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. தங்கள் இருவருக்காகவும் சில நண்பர்களுக்காகவும் எடுத்தவை அவை. 1990களில் லண்டனிலும் பாரிஸிலும் கண்காட்சிகள் தொடங்கின. 2017இல் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகம், கில்லியன் வேரிங் என்ற இன்றைய கலைஞரின் படங்களோடு காஹுனின் படங்களைச் சேர்த்து வைத்தது. அங்கே ஒரு படத்தில் வேரிங் காஹுனைப்போல வேடமிட்டு, கையில் தன் சொந்த முகத்தின் முகமூடியை ஏந்தி நிற்கிறார். பாரிஸில் இருவரும் வாழ்ந்த பகுதியில் ஒரு நடைபாதைக்கு இன்று இருவர் பெயரும் சூட்டப்பட்டிருக்கிறது.

இந்தப் புகழில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, கவலையும் உண்டு. கண்காட்சிச் சுவர்களில் காஹுன் பெரும்பாலும் ஓர் அடையாளத்தின் சின்னமாக நிற்கிறார்: தன்னைத் தானே படைத்துக்கொண்ட தனி மனிதர். பக்கத்திலேயே துண்டறிக்கைகளையும் வைக்க வேண்டும். எங்கோ ஒரு சிப்பாயின் பையில் மடிந்து கிடந்து, கசங்கி, காவலர்களால் கைப்பற்றப்பட்ட அந்தத் தாள்கள், புகைப்படங்களைப்போலக் கண்ணைக் கவர்வதில்லை. அவற்றில் எத்தனை படிக்கப்பட்டன, எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று எந்த ஆவணமும் சொல்லாது. ஆனாலும் அவை இல்லாமல் அந்தப் படங்களின் பொருள் பாதியாகிவிடும். எந்த அட்டையிலும் காஹுனின் பெயர் இருக்கும் இடத்தில் மூரின் பெயரும் இருக்க வேண்டும். எழுதியவர் ஒருவர், எதிரியின் மொழியில் அதை ஒலிக்கச் செய்தவர் இன்னொருவர். சட்டையின் எழுத்தைச் சுமந்தவர் ஒருவர், அதைப் பார்த்து, கேமராவைச் சொடுக்கியவர் இன்னொருவர். ஜெர்மானிய நீதிமன்றம்கூட இருவருக்கும் ஒரே தண்டனையைத்தான் கொடுத்தது.